மக்காண்டா கலைவிழாவில் மௌனப்படத்துக்கு நேரடியாக வாசிக்கப் போகிறோம்: யோசனை சொல்லுங்கள்

#1 தண்ணுமை (டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில் மக்காண்டா என்று ஒரு சின்ன ஊர். 2018 வரை அதன் பெயர் கிரஹாம்ஸ்டவுன். 1974இலிருந்து அங்கே தேசியக் கலைவிழா நடக்கிறது. ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை வரை போகும். இங்கே அது உறைகிற குளிர்காலம். அந்த நாட்களில் பள்ளிக்கூட ஹால், சர்ச் ஹால் என்று கூரை இருக்கிற இடமெல்லாம் அரங்கமாகிவிடும். விழாக்குழு தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிகள் ஒருபக்கம் இருக்க, பதிவு செய்துகொண்டு யார் வேண்டுமானாலும் சொந்தப் பொறுப்பில் நடத்தும் 'ஃபிரிஞ்ச்' என்ற பகுதியும் உண்டு. அடுத்த விழாவில் அங்கே ஒரு மௌனப்படத்தைத் திரையிட்டு, கூடவே உட்கார்ந்து நேரடியாக வாசிக்கலாம் என்று நாங்கள் நாலு பேர் சேர்ந்திருக்கிறோம்.

படம் 'சிலிவா ஜூலு', 1927. எடுத்தவர் அத்திலியோ கத்தி என்ற இத்தாலிக்காரர். ஜூலு மக்களின் நிலமான ஜூலுலாந்தில், எஷோவே என்ற ஊர்ப் பக்கத்தில் எடுத்தது. நடித்தவர்கள் அந்த வட்டாரத்து ஜூலு மக்களே, தொழில்முறை நடிகர்கள் இல்லை. காதல், போட்டி, சூனியம் என்று போகிற கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்த முகங்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

எங்கள் குழுவில் உஹாடி என்ற வில் வாத்தியம் வாசிக்கும் ஒரு கோசா இனப் பெண்மணி இருக்கிறார். டபுள் பேஸுக்கு ஒருவர், டிராம்போனுக்கு ஒருவர். நான் மிருதங்கமும் கஞ்சிராவும். ஒத்திகையில் நடனக் காட்சி வந்ததும் என் கை தானாக வேகமான மேல்காலத்துக்குப் போய்விட்டது. திரையில் இருப்பவர்கள் என் தாளத்துக்கு ஆடுவது போல ஆகிவிட்டது. பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கே கூசியது. ஆப்பிரிக்கப் படம், ஆகவே தோல்கருவி என்று ஆகிவிடக் கூடாது. இந்த மாதிரி வாசித்த அனுபவம் யாருக்காவது உண்டா?

#2 பழைய_ரீல் (மதுரை)

தம்பி, சங்கீதம் எனக்குத் தெரியாது. நான் தியேட்டர் ஆபரேட்டரா இருந்தவன். அதனால ஆபரேட்டர் கேக்குற கேள்வியக் கேக்குறேன். உங்ககிட்ட இருக்கிற காப்பி என்ன வேகத்துல டிஜிட்டலுக்கு மாத்துனது?

ஊமைப்பட காலத்துல கேமராவைக் கையால சுத்துனாங்க. செகண்டுக்கு 16 ஃப்ரேமும் இருக்கும், 20ம் இருக்கும், 24ம் இருக்கும். ஓட்டுறவனும் அவன் இஷ்டத்துக்கு ஓட்டுவான். சாயங்காலம் ரெண்டு ஷோ அடிக்கணும்னா வேகமா ஓட்டிருவான். 35 எம்எம் பிலிம்ல அடிக்கு 16 ஃப்ரேம். ஆயிரம் அடி ரீல் 16 வேகத்துல போனா 16 நிமிஷம் 40 செகண்ட் ஓடும். அதையே 24ல விட்டா 11 நிமிஷத்துல முடிஞ்சிரும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல எங்க போச்சு? ஆளுக எல்லாம் குடுகுடுன்னு ஓடுறதுல போச்சு. ஊமைப்படம்னா சிரிப்புப்படம்னு நம்ம சனம் நினைக்கிறதுக்குப் பாதி காரணம் இந்த வேகக் கோளாறுதான்.

நடனம் வந்ததும் கை ஓடிருச்சுன்னு சொன்னீங்கள்ல, ஆட்டமே நெஜத்தை விட வேகமா ஓடுனா கை என்ன செய்யும்? மொதல்ல காப்பி குடுத்தவங்ககிட்ட அதைக் கேளுங்க. நடக்குறவன் கால் பூமியில பதியுற மாதிரித் தெரியுற வேகம்தான் சரியான வேகம்.

#3 வடலி (ரொறன்ரோ)

தம்பி தண்ணுமை, நான் இங்க ஒரு சின்னச் சங்கத்தில மௌனப்படங்களுக்கு பியானோ வாசிக்கிறனான். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன், எடுக்கிறதும் விடுறதும் உங்கட விருப்பம்.

எல்லாத்துக்கும் வாசிக்க வேண்டாம். கதவு மூடினா 'டக்', ஆள் விழுந்தா 'தொம்' எண்டு அடிக்கிறது மூன்றாம் நிமிசத்தில அலுத்துப்போம். காட்சி வெட்டி மாறேக்கதான் இசையும் மாறவேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. ஒரு மனநிலையைப் பிடிச்சா நாலைஞ்சு வெட்டுக்கு மேலால அதைக் கொண்டு போங்கோ. வசனம் காட்டுற எழுத்து அட்டை வரேக்க நிப்பாட்டுற பழக்கம் சிலருக்கு இருக்கு. ஒவ்வொரு அட்டைக்கும் நிண்டா படம் துண்டு துண்டாப் போயிடும். அட்டைக்குக் கீழால தொடர்ந்து ஓடுங்கோ, ஆனா கொஞ்சம் மெல்லமா. சனம் வாசிக்கேக்க அவையின்ர மூளைக்குள்ள ஏற்கனவே ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

மற்றது, அந்தக் காலத்தில எல்லாரும் மனசில வந்ததை வாசிச்சவை எண்டு நினைக்கப்படாது. 1908லயே ஒரு பிரெஞ்சுப் படத்துக்கு சான்-சான்ஸ் எண்ட பெரிய இசையமைப்பாளர் இசை எழுதிக் குடுத்திருக்கிறார். 1919இல பெர்லின்ல ஜுசெப்பே பெச்சே 'கினோதெக்' எண்டு தொகுப்பு போடத் தொடங்கினார். புயலுக்கு ஒண்டு, துரத்தலுக்கு ஒண்டு, சோகத்துக்கு ஒண்டு. 1924இல அமெரிக்காவில எர்னோ ரபே ஒரு தடிச்ச புத்தகமே போட்டார். அதில ஒவ்வொரு பக்க ஓரத்திலயும் உணர்ச்சிகளின்ர பட்டியல் இருக்கும், தேவையான பக்கத்தைப் பிரட்டி வாசிக்க வேண்டியதுதான். அந்த மாதிரித் தொகுப்புகளில 'காட்டுவாசி இசை' எண்டும் ஒரு தலைப்பு வந்திடும். ஒரே தம் தம் எண்டு அடி, மேல ஒரு ஒப்பாரி. உங்கட கை ஓடினது உங்கட குற்றம் இல்லை. நூறு வருசமா எல்லாற்ற காதுக்குள்ளயும் அதைத்தான் ஊத்தி வச்சிருக்கினம்.

#4 கறார்_பேர்வழி (சென்னை)

நான் கொஞ்சம் கசப்பாகத்தான் பேசப்போகிறேன், மன்னிக்கவும்.

இந்தப் படத்துக்கு 'அறிவியல் ஆலோசகர்' யார் தெரியுமா? லிடியோ சிப்ரியானி, ஃப்ளாரன்ஸைச் சேர்ந்த மானிடவியலாளர். முசோலினி ஆட்சியில் 1938இல் வெளிவந்த இனவாத அறிக்கைக்குப் பெயர் கொடுத்த பத்து விஞ்ஞானிகளில் ஒருவர். ஆப்பிரிக்கப் பயணங்களில் உயிரோடிருக்கும் மனிதர்களின் முகத்தில் பிளாஸ்டர் அப்பி அச்செடுத்தவர். அந்த முகமூடிகள் ஃப்ளாரன்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிற்காலத்தில் அந்தமானுக்கும் வந்து ஓங்கே மக்களை ஆராய்ச்சி செய்தார். முகங்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை என்கிறீர்களே, அவரும் அந்த முகங்களுக்காகத்தான் அங்கே போனார். அதற்கு மிருதங்கமும் டிராம்போனும் சேர்த்து டிக்கெட் போட்டு விற்கப் போகிறீர்களா?

நாளைக்கு இன்னொரு குழு 'டி வூர்ட்ரெக்கர்ஸ்' படத்துக்கும் வாசிக்கிறேன் என்று வரும். 1916இல் ஷ்லெசிங்கர் கம்பெனி எடுத்தது. 1838இல் நடந்த பிளட் ரிவர் போரில் வெள்ளைக் குடியேறிகள் ஜூலுப் படையை வென்றதைக் கொண்டாடும் படம். போர் நடந்த டிசம்பர் 16ஆம் தேதியிலேயே முதல் காட்சி. அதன் பிறகும் பல வருடங்கள் அந்த நாள் விழாக்களில் ஓட்டினார்கள். ஜூலு வீரர்களாக நிற்கவைக்கப்பட்டவர்கள் ஜோகன்னஸ்பர்க் சுரங்கத் தொழிலாளிகள். சண்டைக்காட்சி எடுக்கும்போது அது நிஜச் சண்டையாகவே மாறிவிட்டது. அதற்கு என்ன வாசிப்பீர்கள், ஆதி தாளமா?

ஆப்பிரிக்கர் எடுத்த மௌனப்படம் வேண்டுமென்றால் துனீசியாவின் ஆல்பர்ட் சமாமா சிக்லி இருக்கிறார். 1922இல் 'சோரா', 1924இல் 'ஐன் அல் கசால்'. அவர் மகள் ஹைதேதான் எழுதி நடித்தது. அதை எடுங்கள்.

#5 தண்ணுமை

@கறார்_பேர்வழி, சிப்ரியானி பற்றிய விஷயம் எங்களுக்கும் தெரியும். உஹாடி வாசிக்கும் அக்காதான் முதலில் சொன்னார். இருந்தும் இந்தப் படம்தான் வேண்டும் என்றவரும் அவரே. சிக்லி படங்கள் அருமைதான், ஆனால் 'ஐன் அல் கசால்' துண்டுகளாகத்தான் மிஞ்சியிருக்கிறது. முழு மாலை நிகழ்ச்சிக்கு அது தாங்காது.

#6 நெய்தல் (கோவை)

இந்த இழைக்காகவே தூசி தட்டி உள்ளே வந்திருக்கிறேன். இசைக்கருவிகள் என் துறை, கொஞ்சம் நீளமாகப் போகும்.

உஹாடி தெரியாதவர்களுக்காக: ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு வில், அதில் ஒரே ஒரு கம்பி. வில்லின் கீழ்ப்பக்கத்தில் சுரைக்குடுக்கை கட்டியிருக்கும், குடுக்கையின் வாய் வாசிப்பவரின் மார்பைப் பார்த்திருக்கும். மெல்லிய குச்சியால் கம்பியைத் தட்டுவார்கள். கம்பியை விரலால் கிள்ளினால் சுருதி ஏறக்குறைய ஒரு முழு ஸ்வரம் ஏறும், ச-வுக்கு அடுத்து சதுஸ்ருதி ரிஷபம் மாதிரி. அடிப்படையில் இந்த இரண்டே ஒலிதான். அதற்குமேல் நடப்பதுதான் சங்கதி. குடுக்கையை மார்போடு ஒட்டியும் விலக்கியும் வாசிக்கும்போது ஒவ்வொரு ஒலிக்குள்ளிருந்தும் மேல்சுரங்கள் ஒன்றொன்றாக எட்டிப் பார்க்கும். பாட்டு அந்த மேல்சுரங்களில்தான் நடக்கிறது. 2022இல் காலமான உஹாடிக் கலைஞர் மடோசினியின் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள்.

இதில் முதல் சிக்கல், உஹாடியின் குரல் மிகச் சின்னது. பக்கத்தில் மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத்தில்) ஒரு அடி விழுந்தாலே அது காணாமல் போகும். மைக் வைத்துத் தூக்கினால் குடுக்கை விலகி ஒட்டுகிற நயம் கெட்டுவிடும். ஆகவே இறங்கவேண்டியது நீங்கள்தான். மிருதங்கத்தை உறையிலேயே வைத்துவிட்டு மோர்சிங் எடுத்து வாருங்கள் என்பேன். தென்னாப்பிரிக்காவில் 'இசிடொலொடொலொ' என்ற பெயரில் அதே வாய்க்கருவி உண்டு. வெள்ளை வியாபாரிகள் மூலம் போனது, அங்குள்ளவர்கள் தங்கள் வில் பாட்டுகளை அதில் ஏற்றிவிட்டார்கள். மோர்சிங்கிலும் ஒரே ஆதார ஒலி, மேல்சுரங்களை வாயால் பிரிக்கிறோம். இரண்டும் ஒரே குடும்பத்து நியாயத்தில் இயங்குகின்றன.

இரண்டாவது, உஹாடி கோசா மக்களுடையது, படமோ ஜூலு. ஜூலுக்களிடம் உகுபு என்ற பெரிய வில் இருந்தது, அமைப்பில் உஹாடிக்கு ரொம்ப நெருக்கம். மன்னர் டினுசூலுவின் மகள் இளவரசி மகோகோ அதில் பெரிய கை. அவர் பாடி வாசித்ததை ஹியூ டிரேசி என்ற இசை ஆய்வாளர் பதிவு செய்தார். அந்த டிரேசி 1954இல் தொடங்கிய ஆப்பிரிக்க இசை நூலகம் இன்று எங்கே இருக்கிறது? மக்காண்டாவிலேயே, ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில். விழாவுக்குப் போகும் உங்களுக்கு நடக்கிற தூரம். அங்கே இரண்டு நாள் உட்கார்ந்து கேட்காமல் மேடை ஏறாதீர்கள்.

@கறார்_பேர்வழி சொன்னதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். படத்தை எடுத்தவனின் கண் அழுக்கானது, சரி. ஆனால் எடுக்கப்பட்டவர்கள்? அவர்கள் அன்றைக்குப் பேசினார்கள், பாடினார்கள். கேமரா படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் பெட்டியைப் பூட்டி வைத்தால் சிப்ரியானிக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

#7 கறார்_பேர்வழி

பெட்டியைப் பூட்டச் சொல்லவில்லை. யார் திறப்பது, யார் முன்னால் திறப்பது என்று கேட்கிறேன். மக்காண்டா விழாவுக்கு டிக்கெட் வாங்கி வருபவர்களில் எஷோவேக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

#8 கட்டுமரம் (நாகர்கோவில்)

இதைப் படிக்கும்போது வேறொன்று ஞாபகம் வந்தது. 1920களில் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் மௌனப்படம் பார்த்தது எங்கே? பெரும்பாலும் சுரங்கக் குடியிருப்புகளில். ரே ஃபிலிப்ஸ் என்ற அமெரிக்க மிஷனரி ஜோகன்னஸ்பர்க் சுரங்கங்களில் திறந்தவெளியில் படம் காட்டினார். தொழிலாளிகள் கெட்டுப்போய்விடுவார்கள் என்று சில காட்சிகளை வெட்டியும் எறிந்தார். சாப்ளினுக்கு அங்கே ஏகப்பட்ட ரசிகர்கள். 1922இல் வெள்ளைத் தொழிலாளர் கிளர்ச்சியில் ஊரே துப்பாக்கிச் சத்தமாக இருந்தபோதும் உள்ளே சாப்ளின் படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அவர் எழுதியது அவர் பக்கத்துக் கதை, அதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. அந்தக் கூட்டம் கைகட்டி உட்கார்ந்து பார்க்கவில்லை. கத்தினார்கள், எழுந்து நின்று சிரித்தார்கள். அன்றைய பின்னணி இசை அதுதான்.

இன்னொரு பக்கம் சால் பிளாட்யே. எழுத்தாளர், பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசாக ஆன அமைப்பின் முதல் பொதுச் செயலாளர். 1923இல் அமெரிக்கா, இங்கிலாந்து எல்லாம் போய்த் திரும்பியவர், புரொஜெக்டரும் படச்சுருள்களும் கையோடு கொண்டுவந்து ஊர் ஊராக பயாஸ்கோப் காட்டினார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் டஸ்கெகீ கல்லூரிப் படங்கள் அதில் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் முன்னால் அவர் நின்று விளக்கிப் பேசுவார். படத்துக்குப் பக்கத்தில் நம் ஆள் ஒருவர் நின்று பேசினாலே படம் வேறாகிவிடும்.

ஆகவே தண்ணுமை, நீங்கள் நாலு பேரும் படம் முழுவதையும் அடைத்து வாசித்தால் கூடத்தில் இருப்பவர்களுக்கு வாய் திறக்க இடமே இருக்காது. பாட்டி ஒருத்தி 'அது எங்க ஊர் மலை' என்று சொல்ல நினைத்தால் சொல்ல வேண்டாமா?

#9 பழைய_ரீல்

இதத்தான்யா நானும் சொல்ல வந்தேன்! நம்ம பக்கம் டூரிங் கொட்டாய்ல ஊமைப்படம் ஓடுறப்ப திரைக்குப் பக்கத்துல ஒரு ஆளு நின்னுக்கிட்டு கதை சொல்லுவாராம். எழுத்து வந்தா படிச்சுச் சொல்லணும், படிக்கத் தெரிஞ்ச சனம் கம்மில்ல. ஆர்மோனியம் தபலாவும் இருக்கும். கதை சொல்ற ஆளுக்காகவே படத்துக்குப் போனவங்க உண்டுன்னு எங்க பெரியவரு சொல்லுவாரு. நீங்களும் ஒரு ஜூலு பேசுற ஆளை நிப்பாட்டுங்க. இத்தாலிக்காரன் எழுதுனதை அவர் படிக்க வேண்டியதில்ல. அதுக்குப் பதில் சொல்லட்டும்.

#10 வடலி

பழைய ரீல் ஐயா, அருமையான யோசனை. எழுத்து அட்டைக்குக் கீழால மெல்ல வாசியுங்கோ எண்டு நான் சொன்னனான். இந்தப் படத்தில அட்டை வரேக்க மட்டும் இசையை முழுக்க நிப்பாட்டிப் போட்டு அந்தக் குரலுக்கு விட்டா என்ன? மற்றப் படங்களில துண்டு துண்டாப் போறது குறை. இதில துண்டாக வேண்டியதே அந்த அட்டைதானே.

ஆனா தம்பி, வெறும் மௌனத்தை அளவாப் பாவியுங்கோ. மண்டபத்தில இசை நிண்டா கதிரைச் சத்தமும் இருமலும் பெரிசாக் கேக்கும். முதல் தரம் சனம் அதிர்ந்து போகும், மூன்றாம் தரம் கைபேசியைப் பாக்கத் தொடங்கும். ஆக்கள் நேரா எங்களைப் பாக்கிற முகக் காட்சி எத்தினை இருக்கெண்டு எண்ணி, அதில ரெண்டுக்கு மட்டும் வையுங்கோ.

நடைமுறைக்கு ஒண்டு. உங்கட விளக்கு வெளிச்சம் திரையில படக்கூடாது. திரைக்கு ஒரு பக்கமா, சாய்வா இருங்கோ. கழுத்தைத் திருப்பியே படம் முடியுமட்டும் வாசிக்க ஏலாது, காலடியில ஒரு சின்ன மொனிட்டர் வையுங்கோ.

#11 தண்ணுமை

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் குழுவில் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

உஹாடி அக்கா, நெய்தல் அக்காவின் பதிவைக் கேட்டுச் சிரித்தார். உகுபுவும் தன்னிடம் ஒன்று இருக்கிறதாம். ஆனால் படத்தின் முதல் பாதியில் உஹாடியைத்தான் வாசிப்பாராம். 'நான் பக்கத்து ஊர்க்காரி, விருந்தாளியாக வருகிறேன் என்று தெரியட்டும்' என்றார். ஜூலுவில் பேச டிராம்போன்காரரின் அத்தை ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியை. படத்தைப் போட்டுக் காட்டினோம். பத்து நிமிடத்துக்குள் ஒரு பெண்ணின் தலைக்கொண்டையைப் பார்த்து, கல்யாணமானவள்தான் இப்படிக் கட்டுவாள், இந்தக் கதையில் இவளைக் கன்னிப்பெண் மாதிரி நடத்துகிறார்களே என்று திட்ட ஆரம்பித்துவிட்டார். அதை அப்படியே மேடையில் சொல்லச் சொல்லியிருக்கிறோம்.

நடனக் காட்சியில் நாங்கள் யாரும் வாசிப்பதாக இல்லை. கால்கள் தரையில் விழுவது கண்ணுக்குத் தெரிகிறது. கூட்டம் கைதட்டினால் தட்டட்டும், இல்லாவிட்டால் டபுள் பேஸ் ஒற்றைச் சுரத்தை வில்லால் இழுத்துக்கொண்டிருக்கும்.

@கறார்_பேர்வழி, உங்கள் கேள்விதான் எங்களை அதிகம் படுத்தியது. எஷோவே டர்பனிலிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள். மக்காண்டாவுக்கு முன்னால் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் காட்டுவது என்று முடிவு. அங்கே பிடிக்கவில்லை என்றால் விழாவிலிருந்து விலகிக்கொள்வதாகவும் பேசியிருக்கிறோம். பதிவுக் கட்டணம் போனால் போகட்டும்.

#12 கறார்_பேர்வழி

இது எனக்குச் சரியாகப் படுகிறது. முழுசாக இல்லை, ஆனால் சரி. சிப்ரியானியின் பெயரையும் அந்த இனவாத அறிக்கையில் அவர் கையெழுத்திட்டதையும் படம் தொடங்குமுன் சொல்லுங்கள். துண்டறிக்கையில் சின்ன எழுத்தில் போட்டுத் தப்பிக்காதீர்கள். இன்னொன்று: மக்காண்டாவின் பெரிய அரங்கம் 1820இல் வந்த பிரிட்டிஷ் குடியேறிகளுக்கான நினைவுச்சின்னக் கட்டடத்தில் இருக்கிறது. கீழே இருக்கும் ஊருக்கோ 1819இல் அந்த ஊரைத் தாக்கிய கோசா தலைவரின் பெயர். ஊரே அந்தச் சண்டையை இன்னும் பேசி முடிக்கவில்லை. உங்கள் ஆசிரியைக்கு அங்கே கேட்கிற காதுகள் நிச்சயம் இருக்கும்.

#13 கட்டுமரம்

கரண்ட்? தென்னாப்பிரிக்க மின்வெட்டு உலகப் பிரசித்தம் ஆச்சே.

#14 பழைய_ரீல்

2012ல தமிழ்நாட்டுல தியேட்டர் பக்கம் இருந்தவன்கிட்ட மின்வெட்டு பத்திக் கேக்காதீங்க, அழுதுருவேன்.

#15 தண்ணுமை

இப்போது முன்பு போல இல்லை, 2023தான் உச்சம். இருந்தாலும் புரொஜெக்டருக்கு இன்வெர்ட்டர் எடுத்துப் போகிறோம். படம் நின்றால் ஆசிரியை பேசிக்கொண்டிருப்பார், அவரை நிறுத்துவதுதான் கஷ்டம்.

நெய்தல் அக்கா, கடைசியாக ஒன்று. மிருதங்கத்தை உறையில் போட்டாயிற்று. என்னிடம் இருக்கும் மோர்சிங்கின் சுருதி இரண்டு கட்டை. உஹாடியின் கீழ் ஒலி ஒன்றரைக் கட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறது. குளிரில் அது மாறவும் மாறும் என்கிறார் அக்கா. ஊரிலிருந்து வேறு மோர்சிங் வரவழைக்க வேண்டுமா?

#16 நெய்தல்

வேண்டாம். மோர்சிங் நாக்கின் வளைந்த நுனியில் கொஞ்சம் தேன்மெழுகு ஒட்டுங்கள், சுருதி இறங்கும். அரைக் கட்டைக்குத் தாராளமாகத் தாங்கும். கடுகளவில் ஆரம்பித்து உஹாடியோடு சேரும்வரை ஏற்றிக்கொண்டே போங்கள். மெழுகை மேடைக்கும் கையோடு எடுத்துப் போங்கள். குளிரில் அது இறுகி உதிர்ந்துவிடும்.